பரவாயில்லக்கா

எதைச் சொன்னாலும் ரத்தினவேலின் வாயில் முதலில் வருவது 'பரவாயில்ல'தான். கம்பெனி பஸ்ஸில் காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்ல, கேட்காவிட்டாலும் பரவாயில்ல. கேண்டீன் சாம்பாரில் உப்பில்லை என்று ஷிப்டே கொதிக்கும்போது இவர் மட்டும் பரவாயில்ல என்று தட்டை வழித்துவிட்டு எழுந்து போவார். நல்ல குணம்தானே என்பீர்கள். பாதி நல்ல குணம்தான். மீதிப் பாதி சோம்பல். ஒரு விஷயத்தைப் போய் விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரிக்காமல் தள்ளிவிட்டுப் போவதற்கும் அதே சொல்தான் அவருக்கு உதவிக்கொண்டிருந்தது.

சாத்தூர்ப் பக்கத்து ஆள். ஓசூருக்கு வந்து கியர் பெட்டி பூட்டுகிற வேலையில் நின்றே பாதி ஆயுசு போயிற்று. மத்திகிரியில் ஒரு லேஅவுட்டில் மனை வாங்கி, பேங்கில் கடன் போட்டு, ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை என்று கட்டினார். அப்போது பிளான் அப்ரூவல் எல்லாம் முறையாகத்தான் வாங்கினார். வாங்கினார் என்ன வாங்கினார், அப்ரூவல் இல்லாமல் கடன் கிடையாது என்று பேங்க்காரர் பிடித்த பிடியில் அது வந்து சேர்ந்தது. அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

2006 தை மாதம் மூத்த மகள் சத்யப்ரியா உண்டாகி நாலு மாதம் என்று சேலத்திலிருந்து சேதி வந்தது. தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். சம்பந்தியம்மாள் போனில் மெதுவாகக் கேட்டார், "உங்க வூட்ல எடம் பத்துங்களா?" ரத்தினவேலுக்கு அந்த 'மெதுவாக' சுருக்கென்று தைத்தது. "மாடியில தனி ரூமே போட்டுருதேன் சம்பந்தி, பாத்ரூமோட!" என்றார். அந்த நிமிஷம் அவர் கையில் அதற்கு ஒரு செங்கல் இல்லை. ஆனால் வாக்கு வாக்குதானே. கம்பெனி சொசைட்டியில் கடன் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

"ஏங்க, மாடிக்கு அப்ரூவல் வாங்கணுமாமே?" என்று கேட்டாள் நாகம்மாள். மனைவி கேட்ட கேள்வி நியாயமானது. இவர் அதை ஷிப்டில் போய்க் கேட்டார். ஒருவன் லட்சம் ஆகும் என்றான். இன்னொருவன் லட்சமெல்லாம் பழைய கதை, இப்போது ரெண்டு என்றான். அந்த இருவரும் தங்கள் ஆயுசில் அப்ரூவல் தருகிற பேரூராட்சி ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. மிதித்த ஒருவனைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கலாம். அட, ஆபீஸே மார்க்கெட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது, நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். இவர் கேட்டது மாதப்பன் மேஸ்திரியை.

"அதெல்லாம் ஒண்ணியும் வேணாங்க," என்றார் மாதப்பன். "கீழ் வூட்டுக்கு வாங்குனீங்கல்ல? அதே மேலுக்கும் செல்லும். அஸ்திவாரம் ஒண்ணுதான, பேப்பரு மட்டும் எதுக்குங்க ரெண்டு?"

அடடா, என்ன தர்க்கம்! ரத்தினவேலுக்கு அது தேனாக இனித்தது. நமக்கு வேண்டிய பதிலைச் சொல்கிறவன்தானே நமக்கு நிபுணன்.

படிக்கட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. வீட்டுக்குள் இடமில்லை. கிழக்கே, காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் பழைய பிளான்படி விட்டிருந்த சந்து இருந்தது. "சும்மாதான கெடக்குது?" என்றார் மாதப்பன். சும்மா கிடக்க வேண்டும் என்றுதான் அதை விடச் சொல்லியிருந்தார்கள் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. சந்திலேயே படி ஏறியது. படி பாதியில் திரும்புகிற இடத்துக்கு அகலம் போதாமல், அங்கே போட்ட கான்கிரீட் பலகை காம்பவுண்டைத் தாண்டி ஒரு முழம் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம் நாராயணம்மாவின் மாட்டுக்கொட்டகை. லேஅவுட் மொத்தமும் ஒரு காலத்தில் அந்தம்மாவின் மாமனார் ராகி போட்ட நிலம். விற்றது போக ஓட்டு வீடும் கொட்டகையும் இரண்டு மாடுகளும் மிச்சம். வீட்டில் கன்னடம். வெளியே பேசுவது தமிழ்தான், ஆனால் பாதி வார்த்தைக்குக் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரத்தினவேல் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பால் அங்கேயிருந்துதான். இவருக்கு அந்தம்மா 'அக்கா'. அந்தம்மாவுக்கு இவர் 'ரத்னவேலு'.

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று மிக்சர் மெஷின் கடகடவென்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. நாராயணம்மா சுவரோரம் வந்து நின்று, கையால் மாடியைக் காட்டி எதையோ கேட்டார். நடுவில் இருந்ததை மெஷின் தின்றுவிட்டது. முன்னே ஒரு 'பரவா'வும் பின்னே ஒரு 'இல்வா'வும் மட்டும் இவர் காதுக்கு வந்தன.

"பரவாயில்லக்கா! நல்லா போகுது!" என்று கத்தினார் ரத்தினவேல்.

நாலு நாள் கழித்துப் படிக்கட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை மெஷின் இல்லை. அதே வார்த்தைகளைக் கேட்டார். ஆனால் காது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டால் சத்தம் இருந்தென்ன, இல்லாமலென்ன? "பரவாயில்லக்கா, பரவாயில்ல. ஒண்ணும் ஆகாது," என்று சிரித்தார் இவர். நாராயணம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பலகைக்கு நேர் கீழே நின்ற மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தள்ளியிருந்த முளையில் கட்டினார்.

"பாத்தியா," என்று அன்றைக்கு நாகம்மாளிடம் பெருமையடித்தார் ரத்தினவேல். "வேலையெல்லாம் பரவாயில்லையான்னு அந்தக்கா ரெண்டு தடவ வந்து கேக்குது. இந்தக் காலத்துல யாரு கேக்கா? கன்னடம் புரியலன்னு நீ சொல்லுத. எனக்கு எல்லாம் புரியும்."

சித்திரையில் வளைகாப்பு முடிந்து சத்யப்ரியா வந்து சேர்ந்தாள். மாடிக்குப் பூச்சு வேலையும் தண்ணீர்க் குழாயும்தான் பாக்கி. அவள் வந்த மறுநாளிலிருந்து வழக்கமான பாலோடு ஒரு சின்னச் சொம்புப் பாலும் சேர்ந்து வந்தது. "இது ஹுடுகிக்கு. துட்டு பேடா," என்பார் நாராயணம்மா. பெண்ணுக்கு, காசு வேண்டாம் என்று அர்த்தம். இதை மட்டும் ரத்தினவேல் சரியாகப் புரிந்துகொண்டார்.

வைகாசி பிறந்து இரண்டாவது வாரம், ஆபீஸ் ஆள் வந்து கதவில் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். அனுமதி பெறாமல் கட்டிய மாடியும் விதியை மீறிய படிக்கட்டும் என்று எழுதியிருந்தது. வேலையை உடனே நிறுத்தி, இந்த மாதக் கடைசிக்குள் படிக்கட்டை அகற்றி, மாடிக்கு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் மாடி மொத்தமும் இடிக்கப்படும்.

ஷிப்ட் முடிந்து வந்து அதைப் படித்தவருக்குக் கண் இருட்டியது. மகள் படுக்க வேண்டிய அறை. சம்பந்திக்குக் கொடுத்த வாக்கு. யார் செய்த வேலை இது? இவருக்குச் சுவர் ஒட்டினாற்போல் இருந்த வீடு ஒன்றுதான். அந்தச் சுவருக்கு மேலே பலகை நீட்டிக்கொண்டிருப்பது யார் பக்கம்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கணக்கு அந்த வாசலிலேயே முடிந்துவிட்டது.

நேரம் பார்த்து நாராயணம்மா ஒரு கையில் பால் தூக்கும் ஒரு கையில் சின்னச் சொம்புமாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஏ, நில்லு அங்கயே!" என்றார் ரத்தினவேல். இத்தனை வருஷத்தில் முதல் 'நில்லு'. "ஆபீஸ்ல போயி வத்தி வச்சிட்டு, இங்க பாலைத் தூக்கிட்டு வாரியா?"

நாராயணம்மாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. கதவில் இருந்த தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "நான் கேட்டேன் அல்வா, ரத்னவேலு? அன்னிக்கே கேட்டேன், பரவா..."

"என்னத்த கேட்ட? நிலத்தை வித்துத் தின்னாச்சு. வாங்குனவன் மாடி கட்டுனா வயிறு எரியுதோ? மாட்டுச் சாணிக்குள்ள கெடக்கிறவளுக்கு மனுசன் மேல ஏறுனா பொறுக்காதோ?"

சொன்னதோடு விட்டாரா? சின்னச் சொம்பைப் பிடுங்கினார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பாலைச் சாக்கடையில் கொட்டினார். சொம்பை வீசினார். அது மின்கம்பத்தில் மோதி ஒரு பக்கம் நசுங்கி உருண்டது. ஜன்னலில் சத்யப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாகம்மாள், "ஐயோ, என்னங்க இது!" என்று ஓடி வந்தபோது காரியம் முடிந்திருந்தது.

நாராயணம்மா குனிந்து சொம்பை எடுத்தார். முந்தானையால் மண்ணைத் துடைத்தார். கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனார் ரத்தினவேல். இரண்டு மணி நேரம் வெளியே போவதற்குச் சூப்பர்வைசர், டைம் ஆபீஸ், கேட் செக்யூரிட்டி என்று மூன்று பேரிடம் பெர்மிஷன் கேட்கிற மனிதர். அதில் ஒரு நாள்கூட பிசகியதில்லை.

கட்டட வேலைகளைப் பார்க்கிற பாஸ்கரன் என்பவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். இவர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். சண்டைக்கு அங்கே ஆள் இல்லை.

"கீழ் வீட்டு அப்ரூவல் கீழ் வீட்டுக்கு மட்டும்தாங்க," என்றார் பாஸ்கரன். "ஒரு சதுர அடி கூட்டுனாலும் புதுசா வாங்கணும். லைசென்ஸ் இருக்கிற எஞ்சினியர் வரைபடம் போட்டு, பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்கும்னு கையெழுத்துப் போடணும். பத்திரம், பட்டா, வரி ரசீது வைங்க. எவ்வளவு இடமோ அதுக்கேத்த கட்டணம். அவ்வளவுதான்."

"கட்டணம் லட்சம் வருமாமே?"

பாஸ்கரன் சிரித்தேவிட்டார். காகிதத்தில் பெருக்கிக் கூட்டிக் காட்டினார். மாடி வாசலுக்கு ரத்தினவேல் வாங்கிப் போட்ட தேக்கு நிலையின் விலைகூட அதில் இல்லை. முன்னாடியே பணம் கட்டியிருந்தால் அது. இப்போது மாடி எழும்பின பிறகு வந்ததால் மேலே அபராதம் வேறு. "அதைக்கூடக் கட்டிரலாம். படிக்கட்டு மட்டும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அந்தச் சந்து திறந்தபடி கெடக்கணும். எடுத்துட்டு முன்பக்கம் வச்சுக்குங்க. படியை எடுத்தா மாடி நிக்கும். இல்லைன்னா மாடியும் போயிரும்."

ரத்தினவேல் குரலைத் தாழ்த்தினார். "சார், மனுக் கொடுத்தது அந்தப் பக்கத்து வீட்டம்மாதான?"

"யாரும் மனுக் கொடுக்கலைங்களே."

"பின்ன எப்படித் தெரிஞ்சது?"

பாஸ்கரன் இவரை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான சார் சொன்னீங்க? மாடிக்குத் தனிக் குழாய் வேணும்னு போன மாசம் இங்க வந்து கேட்டீங்க. குழாய்க்காரர் எடம் பாக்க வந்தப்ப காபி குடுத்து, மேல கூட்டிட்டுப் போயி, பாத்ரூம் டைல்ஸ் வரைக்கும் காட்டுனீங்களாமே. அவர் வந்து இங்க சொன்னார். நான் பைலைப் பார்த்தேன், மாடிக்கு அப்ரூவல் இல்ல."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது கெட்டதோடு போகும், அடுத்தவர் பாலைச் சாக்கடையில் கொட்டாது. ரத்தினவேல் எழுந்து நின்றார். கும்பிடு போடக் கை எழவில்லை. அந்தக் கைதான் சொம்பை வீசிய கை.

வீட்டுக்கு வந்தால் நாகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள். "காலையில நான் போயி அந்தக்கா கால்ல விழாத குறையா நின்னேன். அழுதுச்சு. அதுக்கு அண்ணன் ஒருத்தர் அத்திபெலேல மாடி கட்டி, அத ஆபீஸ்ல வந்து இடிச்சுத் தள்ளிட்டாகளாம். அந்தப் பயத்துலதான் உங்ககிட்ட ரெண்டு தடவ வந்து கேட்டுச்சாம். 'பரவானகி இல்வா, பரவானகி இல்வான்னு கேட்டேன், உன் வூட்டுக்காரர் பரவாயில்லன்னுட்டார்'ங்குது. பரவானகின்னா என்னங்க?"

"பரவாயில்லையான்னு கேக்குறது," என்றார் ரத்தினவேல். ஆனால் சொல்லும்போதே அது அவர் நாக்கிலேயே ஒட்டவில்லை.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஜெகதீஷுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜெகதீஷுக்கு வீட்டில் கன்னடம்தான். "தம்பி, பரவானகி பரவானகின்னு சொல்லுதாகளே, அப்படின்னா?"

"பெர்மிஷன்ணே."

"பரவாயில்லங்கிறது இல்லையா?"

"அது பரவாகில்லா. இது பரவானகி. 'பரவானகி இல்வா'ன்னா, 'பெர்மிஷன் வாங்கலையா'ன்னு அர்த்தம். ஏண்ணே, யாரு கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க?"

சொல்லியிருக்க வேண்டாம். வாய் சும்மா இருந்தால்தானே. "பரவாயில்லன்னு சொல்லிட்டேன்" என்றார். ஜெகதீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். பின் சீட்டுக்குச் சொன்னான். பின் சீட்டு அதற்குப் பின் சீட்டுக்குச் சொன்னது. பெர்மிஷன் வாங்கலையா, பரவாயில்லக்கா! பஸ்ஸே அதிர்ந்தது. ரத்தினவேலும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். காது இரண்டும் கொதித்தன. எச்சரிக்கை சொல்ல வந்தவள், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை வந்தாள். 'ஒண்ணும் ஆகாது' என்று அவள் முகத்தில் சிரித்தோம். பிறகு சாணிக்குள் கிடக்கிறவள் என்றோம். கர்ப்பிணிக்கு வந்த பாலை... பஸ் மூக்கண்டப்பள்ளியைத் தாண்டும் வரை அவர் தலையைத் திருப்பவில்லை. இந்த வெட்கத்தோடு எப்படி அந்த வாசலை மிதிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மிதிக்காமலும் முடியாது. மாதப்பன் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்திருந்தார். "நம்ம சந்துல நின்னு உடைக்க முடியாதுங்க. நீட்டிக்கிட்டிருக்கிற பலகை தலை மேல உழுவும். அவங்க கொட்டாயில முட்டுக் குடுத்து, ஓடுகளை எறக்கி வச்சிட்டு, அந்தப் பக்கம் இருந்துதான் எடுக்கணும். அந்தம்மா உட்டாத்தான்." மகளின் அறை நிற்பதும் விழுவதும் இப்போது நாராயணம்மாவின் கொட்டகையில் இருந்தது.

சாயங்காலம் ஒரு புது எவர்சில்வர் சொம்பு வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். நாராயணம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நசுங்கின சொம்பு கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது.

'அக்கா' என்று கூப்பிட வேண்டும். வரவில்லை. அந்த வார்த்தையைத்தான் அன்றைக்கு 'நில்லு' என்று மாற்றியாயிற்றே.

"தப்பு என் மேலதான்," என்றார். "நீங்க கேட்டது எனக்கு வெளங்கல. ஆபீஸ்ல சொன்னது நீங்க இல்ல. நான்தான். நானே போயி உளறியிருக்கேன். பேசக் கூடாத பேச்சுப் பேசிட்டேன். என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கிடுதேன்."

தவிட்டுக் கை நின்றது.

"அந்தப் படியை எடுத்தாகணும். எடுத்தாத்தான் மாடி நிக்கும். உங்க கொட்டாய்க்குள்ள நின்னுதான் எடுக்க முடியுமாம். அதுக்கு..." சொம்பைக் கை மாற்றிக்கொண்டார். "உங்க பரவானகி வேணும்."

அப்போதுதான் நாராயணம்மா நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "ஹுடுகி எங்க படுத்துக்குது?" என்று கேட்டார்.

"கீழதான். ஹால்ல. ஃபேன் போட்டும் வேர்க்குதுங்குது."

நாராயணம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார். முளையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்தார். அடுத்ததையும் அவிழ்த்தார். இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் வேப்ப மரத்தில் கட்டிவிட்டு வந்தார். கொட்டகை காலியாக நின்றது.

"உடைச்சுக்கோ," என்றார். "பரவானகி இருக்கு."

ரத்தினவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. புதுச் சொம்பை நீட்டினார்.

"அது பேடா," என்றார் நாராயணம்மா. "ஹுடுகிக்குப் பாலு உண்டு. அவளை இங்க வரச் சொல்லு. இங்க குந்திக் குடிச்சிட்டுப் போகட்டும். உன் வூட்டுக்கு நான் கொண்டு வர மாட்டேன். அந்தக் கைக்குக் கொடல்லா." சொல்லிவிட்டுத் திரும்பவும் தவிட்டில் கையை விட்டார்.

மறுநாள் காலை கொட்டகையில் முட்டுக் கொடுத்தார்கள். ரத்தினவேல் லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்றார். உடைக்கிற சத்தம் கேட்டு எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. பஸ்ஸில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்தத் தெருதான். சத்யப்ரியா எட்டு மாத வயிற்றோடு கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி, அத்தனை பேர் பார்க்க மெதுவாக நடந்து பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்து போனாள். வேப்ப மரத்தடியில் அவளுக்கு ஒரு முக்காலி கிடந்தது. நாராயணம்மா நசுங்கின சொம்பில்தான் பால் கொடுத்தார். நசுங்காத பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் என்னவோ பேசிச் சிரிப்பது கொட்டகைக்குள் நின்றவருக்குக் கேட்டது. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் கொட்டகைப் பக்கம் வந்து நின்றாள் மகள். மேலுதட்டில் பால் நுரை ஒட்டியிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அவர் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தினமும் இங்கயே வந்து குடிக்கணுமாம். தெருவுல எல்லாரும் பாக்காங்கப்பா. உங்களுக்குப் பரவாயில்லையா?"

ரத்தினவேல் வாயைத் திறந்தார். ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய அந்த ஒரு சொல் அன்றைக்கு வரவில்லை.